அரசுப் பணியும் தோட்டத்துப் பணியிடமும்: பேராக் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களின் பணி வளர்ச்சியும் பணியிட நலனும்

முன்னுரை

பொதுத்துறை ஊழியர்களின் பணி வளர்ச்சி குறித்தும் பணியிட நலன் குறித்தும் மலேசியாவில் எழுதப்படுவன பெரும்பாலும் அலுவலகத்தை மனத்திற்கொண்டு எழுதப்படுவன. புத்ராஜெயாவிலோ ஒரு மாநிலச் செயலகத்திலோ மேசையும் கோப்புமாகப் பணியாற்றும் ஊழியரே அவற்றுள் எடுத்துக்காட்டாக நிற்கின்றார். தமிழரிடையே அரசுப் பணி என்றவுடன் நினைவுக்கு வருபவரோ வேறொருவர். அவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். கூட்டரசு அரசாங்கத்திடம் ஊதியம் பெறுபவர். அரசுச் சுற்றறிக்கைகளால் ஆளப்படுபவர். ஆண்டுதோறும் பணித்திற மதிப்பீட்டுக்கு உட்படுபவர். ஆயினும், அவர் காலையில் சென்று சேரும் பள்ளி பல இடங்களில் அரசாங்கம் தேர்ந்தமைத்த இடமன்று. ஒரு ரப்பர் தோட்டத்தின் தேவைக்காக எழுந்து, அத்தோட்டம் மறைந்த பின்னும் நின்றுகொண்டிருக்கும் இடம் அது.

பேராக் மாநிலத்தில் 134 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஈப்போ மாநகரில் சில பெரிய பள்ளிகள் இருப்பினும், சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா, தாப்பா, தெலுக் இந்தான், பாகான் செராய் முதலிய வட்டாரங்களில் அமைந்த பள்ளிகளுள் மிகப் பல தோட்டப் பள்ளிகளாகத் தோன்றியவையே. இப்பள்ளிகளின் ஆசிரியர்களை நாம் இக்கட்டுரைக்கு எடுத்துக்கொள்கின்றோம். பணி அரசுடையதாகவும் பணியிடம் தோட்டத்துடையதாகவும் பிரிந்து கிடந்த வரலாறே, இவர்தம் வளர்ச்சியையும் நலனையும் இன்றளவும் இருவேறு திசைகளில் இழுக்கின்றது என்பது நம் கருத்து.

துரையின் பள்ளி

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயது வரையிலான குழந்தைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் வாழும் தோட்டங்களில் பள்ளி ஒன்றை நடத்த வேண்டுமெனத் தோட்ட நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்தியது. கல்வியின்மேல் கொண்ட ஆர்வத்தால் பிறந்த விதியன்று அது. குடும்பத்தோடு தொழிலாளர் தமிழகத்தினின்று வந்து தங்குவதற்கான ஏற்பாடுகளுள் ஒன்றாகவே பள்ளி கருதப்பட்டது. மருந்தகம், ஆயாக் கொட்டகை, கோயில் ஆகியவற்றின் வரிசையில் பள்ளிக்கும் ஓர் இடம் இருந்தது.

அப்பள்ளியின் ஆசிரியர் யாருடைய ஊழியர்? சட்டப்படியும் நடைமுறைப்படியும் தோட்டத்தின் ஊழியர். அரசாங்கம் மாணவர் வருகையைக் கணக்கிட்டு உதவித்தொகை அளித்த போதிலும், ஆசிரியரை நியமிப்பதும் நீக்குவதும் தோட்டத் துரையின் கையில் இருந்தன. கிராணியோ கங்காணியோ ஓய்ந்த நேரத்தில் பாடம் நடத்திய பள்ளிகளும் இருந்தன. முழுநேர ஆசிரியர் வாய்த்த இடத்திலும் அவர் கடிதம் எழுதிக் கொடுப்பவராகவும், கோயில் திருவிழாக் கணக்கை வைப்பவராகவும், லயத்துச் சண்டைகளை ஆற்றுபவராகவும் விளங்கினார். ‘வாத்தியார்’ என்ற சொல்லுக்குத் தோட்டத்தில் கிடைத்த மதிப்பு பெரிது. ஊதியம் மிகச் சிறிது. பதவி உயர்வு என்ற ஒன்று அவர் அறியாதது. ஒரு தோட்டத்து வாத்தியார் மற்றொரு பெரிய தோட்டத்து வாத்தியார் ஆகலாம். அதற்குமேல் படி இல்லை.

இக்காலத்தில் பணியும் பணியிடமும் ஒரே கையில் இருந்தன என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஊதியம் கொடுத்தவரே கூரையையும் வேய்ந்தார். குடியிருக்க வீடும் அவரே தந்தார். ஆசிரியரின் நலனுக்கும் கேட்டுக்கும் பொறுப்பானவர் ஒருவரே. அவரிடம் முறையிட இயலாது என்பது வேறு செய்தி.

ஊதியம் மாறியது, நிலம் மாறவில்லை

1956-ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கையும் அதன்வழிப் பிறந்த 1957-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் தமிழ்ப்பள்ளிகளைத் தேசியக் கல்வி அமைப்புக்குள் கொணர்ந்தன. அப்போது தீபகற்பத்தில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. 1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திற்குப் பின்னர் இவை தேசிய மாதிரிப் பள்ளிகளாயின. ஆசிரியர் ஊதியத்தை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. ஆசிரியர் சேவை குறித்து ஆராய்ந்த அசிஸ் அரச ஆணையத்தின் அறிக்கை 1971-இல் வெளிவந்தபின், 1970-களில் ஆசிரியர்கள் முழுமையான அரசு ஊழியர்களாகும் வழி திறந்தது. கல்விச் சேவை ஆணையம் 1974-இல் செயற்படத் தொடங்கியது. அதே ஆண்டில் தேசிய ஆசிரியர் தொழிற்சங்கமும் உருப்பெற்றது.

ஒரு தலைமுறைக் காலத்துள் நேர்ந்த இம்மாற்றத்தின் பெருமையைக் குறைத்துக் கூறலாகாது. ஓய்வூதியம், மருத்துவ வசதி, பேறுகால விடுப்பு, வீட்டுக் கடன் ஆகியவை துரையின் தயவிலிருந்து விடுபட்டு உரிமைகளாயின. பால்மரம் வெட்டிய தாய் தந்தையரின் மகனும் மகளும் ஆசிரியப் பயிற்சி பெற்று அரசு ஊழியராகி ஈப்போவில் வீடு வாங்கினர். பேராக்கில் தமிழ் நடுத்தர வகுப்பு உருவானதில் இவ்வொரு பணிக்கு உள்ள பங்கு தனி ஆய்வுக்குரியது.

ஆனால், அரசாங்கம் ஏற்றுக்கொண்டது ஊதியத்தைத்தான். பள்ளி நின்ற நிலம் தோட்ட நிறுவனத்தின் சொத்தாகவே தொடர்ந்தது. இதன் பயனாகப் பெரும்பாலான தோட்டப் பள்ளிகள் ‘பகுதி உதவி பெறும் பள்ளி’ என்ற வகைக்குள் அடங்கின. இவ்வகைப் பள்ளியில் ஆசிரியர் ஊதியம் முழுமையாக அரசாங்கத்தினுடையது. நிலமும் கட்டடமும் பள்ளி வாரியம், பெற்றோர், தோட்ட நிர்வாகம் ஆகியோரின் கவலை. ஆகவே, முழு உதவி பெறும் பள்ளியில் பணியாற்றும் ஆசிரியரும் பகுதி உதவி பெறும் பள்ளியில் பணியாற்றும் ஆசிரியரும் ஒரே சம்பளப் பட்டியலில் நின்றாலும், ஒரே பணியிடத்தில் நிற்பதில்லை. ஒழுகும் கூரையைப் பற்றி எழுதிய கடிதம் யாருக்குச் செல்ல வேண்டும் என்பதே தெளிவில்லாத நிலையைப் பல தலைமையாசிரியர்கள் எதிர்கொண்டனர். மாவட்டக் கல்வி அலுவலகம் நிலம் தன்னுடையதன்று என்னும். தோட்ட நிர்வாகம் பள்ளி தன்னுடையதன்று என்னும்.

இலங்கை மலையகத்தோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு இன்னும் விளங்கும். அங்கே 1970-களில் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டபின் தோட்டப் பள்ளிகளும் படிப்படியாக அரசுப் பள்ளிகளாயின. வசதிகள் பின்தங்கி இருந்தன என்பது உண்மை; ஆனால் ஆசிரியரின் பணிக்கும் பணியிடத்துக்கும் பொறுப்பு ஒரே அரசைச் சார்ந்தது. இங்கோ பொறுப்பு இரண்டாகப் பிளந்தது.

தரமும் பதவியும்

இனி, பணி வளர்ச்சியின் பக்கத்தை நோக்குவோம். 1992-இல் நடைமுறைக்கு வந்த புதிய ஊதிய முறை, ஆண்டுச் சம்பள ஏற்றத்தைப் பணித்திறனோடு இணைத்தது. ஊதிய அட்டவணையில் ஊழியர் ஒருவர் இருந்த இடத்திலேயே நிற்கலாம், கிடையாக நகரலாம், செங்குத்தாகவோ மூலைவிட்டமாகவோ ஏறலாம். எவர் எப்படி நகர்வார் என்பதை மேலதிகாரியின் மதிப்பீடு முடிவு செய்யும். ஆசிரியர் அறையில் ஒற்றுமையைக் குலைத்த முறை இது என்று அக்காலத்தில் பணியாற்றிய பலரும் கூறக் கேட்டிருக்கின்றோம். பத்துப் பேர் மட்டும் பணியாற்றும் பள்ளியில் ‘மூலைவிட்டம்’ பெற்றவர் யார் என்பது மறைபொருளாக இருக்க வாய்ப்பில்லை.

2002 நவம்பர் முதல் நாளில் மலேசிய ஊதிய முறை அதன் இடத்தைப் பெற்றது. டிஜி 41, டிஜி 44, டிஜி 48 போன்ற தர எண்கள் ஆசிரியர்களின் அன்றாடப் பேச்சில் கலந்தது இதன் பின்னரே. பட்டயக் கல்வி பெற்றோர் டிஜிஏ 29 என்னும் தரத்திலும் பட்டதாரிகள் டிஜி 41 என்னும் தரத்திலும் வைக்கப்பட்டனர். தகுதி நிலை மதிப்பீடு எனப்பட்ட தேர்வும் உடன் வந்தது. பதவி உயர்வுக்கும் சம்பள உயர்வுக்கும் ஆசிரியர்கள் மீண்டும் தேர்வெழுத நேர்ந்தது. பலத்த மனக்குறைக்கு உள்ளான அத்தேர்வு 2011-இல் கைவிடப்பட்டது. அடுத்து, 2012 ஜனவரியில் நடைமுறைக்கு வர இருந்த மற்றொரு ஊதிய முறை, மேல்மட்டத்தாருக்கே மிகுந்த பயன் தருகின்றது என்ற எதிர்ப்பினால் அதே ஆண்டு மார்ச் மாதத்தில் நீக்கப்பட்டது. 2024 டிசம்பர் முதல் நாளில் பொதுச் சேவை ஊதிய முறை தொடங்கப் பெற்றுத் தர எண்களும் மாறியுள்ளன. இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பழகிய ‘நாற்பத்து நான்கு’ என்னும் சொல் ஆசிரியர் நாவினின்று எளிதில் நீங்குமெனத் தோன்றவில்லை.

இவ்வூதிய முறைகளின் வரிசையில் நமக்கு முதன்மையானது, தரத்தையும் பதவியையும் பிரித்தமையாகும். முன்னர் உயர்தரம் வேண்டுமெனில் உயர்பதவி காலியாக வேண்டும். தலைமையாசிரியரோ துணைத் தலைமையாசிரியரோ ஓய்வு பெற்றால்தான் அடுத்தவருக்கு வழி. பதவிகளின் தரமோ பள்ளியின் அளவைச் சார்ந்தது. மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு பள்ளிகள் ‘ஏ’ தரம், ‘பி’ தரம் எனப் பிரிக்கப்பட்டன. தலைமையாசிரியரின் தரமும் அதற்கேற்ப வேறுபட்டது. தோட்டம் சுருங்கினால் பள்ளி சுருங்கும். பள்ளி சுருங்கினால் பதவியின் தரம் சுருங்கும். செம்பனை விலையும் வீடமைப்பு நிறுவனங்களின் நிலத் தேவையும் ஓர் ஆசிரியரின் பதவி உயர்வை மறைமுகமாக முடிவு செய்தன என்றால் அது மிகையன்று.

இப்பிணைப்பைத் தளர்த்திய முதல் முயற்சி, 1994-இல் தோன்றிய சிறப்பாசிரியர் திட்டம். வகுப்பறையை விட்டு நிர்வாகத்துக்குச் செல்லாமலேயே உயர்தரம் பெறலாம் என்பது அதன் அடிப்படை. கற்பித்தலைத் தொழிலாக மதித்த சிறந்த கருத்து. ஆயினும் சிலருக்கே எட்டியது. பெருவாரியான ஆசிரியர்களுக்கு உண்மையான திருப்பம், பணிக்கால அடிப்படையிலான பதவி உயர்வினால் வந்தது. 2000-களின் பிற்பகுதியில் தொடங்கி அடுத்த பத்தாண்டில் விரிவடைந்த இம்முறையில், குறிப்பிட்ட ஆண்டுகள் நற்பணி ஆற்றிய ஆசிரியர், பதவி காலியாகும் வரை காத்திராமல் அடுத்த தரத்துக்கு உயர்ந்தார். சுங்கை சிப்புட் வட்டாரத்தின் எல்பில், டோவன்பி போன்ற தோட்டங்களின் பெயர் தாங்கிய பள்ளிகளில் பணியாற்றினாலும், ஈப்போ நகரின் நடுவில் பணியாற்றினாலும் தரம் ஒன்றே. தோட்டத்தின் விதியிலிருந்து ஆசிரியரின் தரம் இவ்வாறு விடுபட்டது.

இதனோடு இணைத்துக் காண வேண்டியது பட்டக் கல்வி. பயிற்சி பெறாத தற்காலிக ஆசிரியர்களை நம்பியே பல தோட்டப் பள்ளிகள் நெடுங்காலம் நடந்தன. எம்முள் ஒருவரும் 1980-களில் அவ்வாறே பணியைத் தொடங்கியவர். காலை நேரத்தில் பாடம் நடத்திவிட்டு, மறுநாள் பாடத்தை எப்படி நடத்துவது என்பதை மாலையில் தாமே கண்டறிந்த அனுபவம் அது. ஆசிரியர் கல்விக் கழகங்களில் 1996 முதல் சான்றிதழுக்கு மாற்றாகப் பட்டயமும், 2007 முதல் இளங்கலைப் பட்டமும் வழங்கப்பட்டன. முன்னரே பணியில் இருந்தோர் தொலைக்கல்வி வழியாகவும் பகுதிநேரக் கல்வி வழியாகவும் பட்டதாரிகளாயினர். வாரம் முழுதும் பள்ளி, வார இறுதியில் வகுப்பு, இடையில் குடும்பம் என்று நான்கைந்து ஆண்டுகளைக் கழித்தவர்களுள் பெண்களே மிகுதி. பட்டம் பெற்ற பின்னும் பட்டதாரித் தரத்தில் அமர்த்தப்படுவதற்குக் காத்திருந்தோர் பலர். இக்காத்திருப்பு எந்த நலன் கணக்கிலும் ஏறுவதில்லை.

எண்ணிக்கை ஆளும் பணியிடம்

தரம் விடுபட்டது, பணியிடம் விடுபட்டதா? இல்லை என்பதே நம் விடை.

மாணவர் 150 பேருக்கு மிகாத பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி எனக் கல்வி அமைச்சு வகைப்படுத்துகின்றது. பேராக் தமிழ்ப்பள்ளிகளுள் பாதிக்கும் மேற்பட்டவை இவ்வகையின. இதன் காரணத்தை ஆசிரியர் அறிவர் எனினும் சுருங்கக் கூறுவோம். ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டபோது, அதே பரப்புக்குத் தேவையான ஆட்களின் தொகை குறைந்தது. எஞ்சிய வேலைக்குக் குடும்பமின்றி வரும் அயல்நாட்டுத் தொழிலாளர் அமர்த்தப்பட்டனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளான இடங்களில் லயத்து மக்கள் நகரப் புறங்களுக்குச் சிதறினர். பள்ளி மட்டும் எஞ்சியது. இன்று பல பள்ளிகளின் பெயரில் ‘லாடாங்’ என்னும் சொல் இருக்கின்றது. சுற்றுமுற்றும் அந்தத் தோட்டத்து மக்கள் இல்லை. குழந்தைகள் வேனில் வருகின்றனர். ஆசிரியர்கள் ஈப்போவிலிருந்தோ கம்பாரிலிருந்தோ காரில் வருகின்றனர்.

இத்தகைய பள்ளியில் ஒரு வகுப்புக்கு எட்டு அல்லது பத்து மாணவர் இருப்பர். வெளியிலிருந்து நோக்குவோர், ‘பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதில் என்ன சுமை?’ எனக் கேட்பது வழக்கம். கேள்வி இயல்பானதே. ஆனால் இது பணிச்சுமையை மாணவர் தலையால் அளக்கும் கேள்வி. பள்ளியின் பணிகளுள் கற்பித்தல் ஒன்றே மாணவர் எண்ணிக்கையோடு கூடிக் குறைவது. ஏனையவை பள்ளி என்ற ஒன்று இருப்பதாலேயே எழுவன. பாடக் குழுக்கள் பத்துக்கு மேல். அவை ஒவ்வொன்றுக்கும் தலைவர், செயலாளர், கூட்டக் குறிப்பு வேண்டும். சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு இல்லங்கள், நூல் நிலையம், பாடநூல் கடன் திட்டம், துணை உணவுத் திட்டம், மாணவர் நலன், கட்டொழுங்கு, மாணவர் தரவுத் தளம், வகுப்புசார் மதிப்பீட்டுப் பதிவு, பெற்றோர் ஆசிரியர் சங்கம் என்று பட்டியல் நீளும். ஆயிரம் மாணவர் பயிலும் ஈப்போ நகரப் பள்ளியில் இவற்றை அறுபது எழுபது ஆசிரியர் பகிர்வர். ஆறு வகுப்புகள் கொண்ட பள்ளியில் ஒன்பது பத்துப் பேர் பகிர வேண்டும். அமைச்சு கேட்கும் படிவமோ இரு பள்ளிக்கும் ஒன்றே. அனுப்ப வேண்டிய கடைசி நாளும் ஒன்றே.

மாணவர் மிகவும் குறைந்துவிட்ட பள்ளிகளில் நிலைமை வேறு விதமாகக் கடினமாகின்றது. இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே அறையில் அமர்த்தும் கூட்டு வகுப்பு அங்கே நடைமுறை. தோட்டப் பள்ளி வரலாற்றில் இது புதிதன்று. ஒற்றை ஆசிரியர் நான்கு வகுப்புகளை நடத்திய காலத்தை முதியோர் நினைவுகூர்வர். அன்று அந்த ஆசிரியரிடம் பாடத்திட்ட அடைவு நிலைகளை எவரும் கேட்கவில்லை என்பதே வேறுபாடு. இன்று இரண்டு பாடத்திட்டம், இரண்டு பதிவு, ஒரே நேரம்.

மதிப்பீடும் பாராட்டும் சிறு பள்ளியை எவ்வாறு நடத்தின என்பதையும் காண்போம். 2002-ஆம் ஆண்டு ஊதிய முறையில் சிறந்த சேவை விருது, ஊழியருள் எட்டு விழுக்காட்டினருக்கு எனத் திட்டமிடப்பட்டது. எழுபத்தைந்து ஆசிரியர் உள்ள பள்ளியில் இது ஆறு பேர். ஒன்பது பேர் உள்ள பள்ளியில் ஒரு முழு ஆளுக்கும் குறைவு. கணக்கில் முக்கால் ஆள் வரும் இடத்தில் பாராட்டு என்பது முறைவைத்துப் பெறும் பங்காக மாறிவிடுவது வியப்பன்று. ‘இவ்வாண்டு உங்கள் முறை’ என்ற சொற்றொடரை நாம் ஒன்றுக்கு மேற்பட்ட ஆசிரியர் அறைகளில் கேட்டிருக்கின்றோம். தகுதியுடையார் மனத்தில் அது உண்டாக்கும் சோர்வு சிறிதன்று. அதேபோல, 2010-இல் பள்ளித் தலைவர்களுக்கான ‘புதிய சலுகை’ திட்டம், பள்ளியின் தேர்ச்சிப் புள்ளிகளைக் கொண்டு தலைமையாசிரியருக்கு 7,500 ரிங்கிட் வரை ஊக்கத்தொகை அறிவித்தது. ஆறு மாணவர் ஆறாம் ஆண்டுத் தேர்வெழுதும் பள்ளியில் ஒரு குழந்தை காய்ச்சலில் படுத்தால் பள்ளியின் தேர்ச்சி ஏறத்தாழ 16.7 விழுக்காடு சரியும். மறு ஆண்டு அனைவரும் தேறினால் அதே அளவு ஏறும். இரண்டிலும் ஆசிரியரின் உழைப்பு ஒன்றாகவே இருந்திருக்கலாம். 2021-இல் அத்தேர்வு அகற்றப்பட்டமையால் இச்சிக்கல் மறைந்தது. சிற்றெண்களைப் பேரெண்களின் அளவுகோலால் அளக்கும் பழக்கம் மறையவில்லை.

பள்ளி மூடப்படுமோ என்னும் அச்சமும் இப்பணியிடத்தின் ஒரு கூறு. மாணவர் சேர்க்கை நாளுக்கு முன் ஆசிரியர்கள் வீடு வீடாகச் சென்று பெற்றோரைக் காண்பதும், வேன் கட்டணத்திற்குத் தம் கைப்பணத்தைச் சேர்ப்பதும் பேராக்கில் காணக்கூடிய செயல்களே. சமுதாயம் இதனைத் தொண்டு எனப் போற்றுகின்றது. போற்றுதற்குரியதே. எனினும், தம் பணியிடம் அடுத்த ஆண்டும் இருப்பதற்காகத் தாமே ஆள் திரட்ட வேண்டியிருக்கும் அரசு ஊழியர் வேறு எந்தத் துறையில் உள்ளார் என்ற வினாவையும் நாம் எழுப்ப வேண்டும்.

நலன் என்பது எது?

அமெரிக்க உளவியலாளர் பிரடெரிக் ஹெர்ஸ்பர்க் 1959-இல் வெளியிட்ட ஆய்வில், பணியில் நிறைவைத் தருவன வேறு, நிறைவின்மையை உண்டாக்குவன வேறு என்று பிரித்தார். சாதனை, பாராட்டு, பொறுப்பு, வளர்ச்சி ஆகியவை முதல் வகை. ஊதியம், பணிச்சூழல், மேற்பார்வை, நிர்வாக விதிகள் ஆகியவை இரண்டாம் வகை. இரண்டாம் வகையைச் சீராக்கினால் குறை நீங்கும். நிறைவு தானாக வந்துவிடாது. இக்கோட்பாட்டை மறுத்தோரும் உளர். எனினும், நம் ஆசிரியர் நிலையை எண்ணிப் பார்க்க இப்பகுப்பு உதவுகின்றது. ஹெர்ஸ்பர்க் ஊதியத்தையும் பணிச்சூழலையும் ஒரே கூடையில் இட்டார். ஒரே முதலாளி இரண்டையும் தருவார் என்ற உலகம் அது. பேராக் ஆசிரியருக்கோ ஊதியம் ஓரிடத்திலிருந்தும் சூழல் வேறிடத்திலிருந்தும் வருகின்றன. ஆகவே ஊதிய முறை எத்தனை முறை திருத்தப்பட்டாலும் குறை முழுமையாக நீங்குவதில்லை. திருக்குறளில் ‘தெரிந்துவினையாடல்’ அதிகாரம் ஆளறிந்து பணி தருதலைக் கூறுகின்றது. இடத்தை அறிதலுக்கும் வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்தார். அது போர்க்களத்துக்குரியது என்பதால் நம் நிர்வாகக் கட்டுரைகளில் எடுத்தாளப்படுவதில்லை போலும்.

அரசு ஊழியர் நலனுக்கெனப் பொதுச் சேவைத் துறை ‘அக்ராப்’ என்னும் சக ஊழியர் துணைத் திட்டத்தை நடத்துகின்றது. உளவியல் அதிகாரிகளும் உள்ளனர். கல்வி அமைச்சு 2023-இல் ஆசிரியர் பணிச்சுமையைக் குறைப்பதற்கான ஏழு நடவடிக்கைகளை அறிவித்தது. இவை வரவேற்கத்தக்கன. ஆயினும், மனச்சோர்வைத் தனிமனிதரின் மனத்தில் மட்டும் தேடினால், ஒன்பது பேர் அறுபது பேரின் பணியைச் செய்யும் அமைப்பு கண்ணுக்குத் தப்பிவிடும். சோர்ந்த ஆசிரியருக்கு அறிவுரை கூறுவது எளிது. அவருடைய பன்னிரண்டு பொறுப்புகளுள் ஐந்தை எடுத்துவிடுவதற்கு எவருக்கும் அதிகாரம் இல்லை, தலைமையாசிரியருக்கும் இல்லை.

மாற்றலுக்கு விண்ணப்பிப்பதே இவ்வமைப்பில் ஆசிரியருக்கு எஞ்சும் வழி. ‘டவுன் பள்ளிக்குப் போய்விட்டார்’ என்று பேராக்கில் சொல்லப்படும்போது, அது தரத்தில் எந்த மாற்றமும் இல்லாத ஒரு பதவி உயர்வு போலவே ஒலிக்கின்றது. அனுபவம் மிக்கவர் நகரத்துக்குச் செல்வர். அவ்விடத்துக்குப் புதியவர் வருவார். பணிக்கால உயர்வு முறை, இருக்கும் இடத்திலேயே உயர வழி செய்தது. இருக்கும் இடத்திலேயே இருக்கக் காரணம் தரவில்லை.

செய்யத்தக்கன சில

முதலாவதாக, பொறுப்புகளைப் பள்ளிக்கு ஒன்றாக எண்ணாமல் பள்ளித் தொகுதிக்கு ஒன்றாக எண்ணலாம். அண்மையில் உள்ள நான்கைந்து சிறு பள்ளிகள் ஒரே பாடக் குழு, ஒரே விளையாட்டுப் போட்டி, ஒரே தரவுப் பதிவு ஊழியர் எனப் பகிர்ந்துகொண்டால் கூட்டக் குறிப்புகளின் எண்ணிக்கையே பெரிதும் குறையும். பள்ளிகளை இணைத்தல் வேண்டா. பணிகளை இணைத்தால் போதும். தமிழ்ப்பள்ளி உரிமத்தை இழந்துவிடுவோமோ என்ற சமுதாயத்தின் அச்சத்துக்கும் இதனால் இடமில்லை.

இரண்டாவதாக, குறைந்த மாணவர் பள்ளியில் ஆற்றிய ஆண்டுகள் தலைமைப் பதவிக்கான தேர்வில் தனி மதிப்புப் பெற வேண்டும். அமினுடின் பாக்கி கழகத்தின் தலைமைத்துவத் தகுதிச் சான்றிதழ் தலைமையாசிரியராவதற்கு இன்று முதன்மையானது. ஒன்பது பேரைக் கொண்டு ஒரு பள்ளியை நடத்திய துணைத் தலைமையாசிரியர் அச்சான்றிதழ் வகுப்பில் கற்பதற்குள்ளதைப் போலவே கற்பிப்பதற்கும் நிறைய உண்டு.

மூன்றாவது, நம் போன்ற பல்கலைக்கழகத் துறைகளுக்கும் ஆசிரியர் கல்விக் கழகங்களுக்கும் நேரடியாக உரியது. உலு கிந்தாவில் உள்ள ஈப்போ ஆசிரியர் கல்விக் கழகத்திலும் தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகத்திலும் பேராக் தமிழ்ப்பள்ளிகளின் வருங்கால ஆசிரியர் உருவாகின்றனர். கூட்டு வகுப்பில் கற்பித்தல் ஒரு தனித் திறன். ஒரு பிரிவுக்கு எழுத்துப்பணி தந்துவிட்டு மறு பிரிவுக்கு வாய்மொழிப் பாடம் நடத்துவது, மூத்த மாணவரை இளையோருக்குத் துணையாக்குவது, இரு பாடத்திட்டங்களுள் பொதுவாய் உள்ள கூறுகளைக் கண்டு இணைப்பது ஆகியவற்றை அனுபவமிக்க தோட்டப் பள்ளி ஆசிரியர்கள் தம் போக்கில் கண்டறிந்து வைத்துள்ளனர். அவை எழுதப்படாமல் அவர்களோடு ஓய்வு பெற்றுச் செல்கின்றன. கற்றல் கற்பித்தல் பயிற்சிக்கு அனுப்பப்படும் மாணவ ஆசிரியரோ, நாம் கண்டவரை, மேற்பார்வைக்கு எளிதான நகரப் பள்ளிகளிலேயே பெரிதும் அமர்த்தப்படுகின்றனர். முப்பது பேர் வகுப்பில் பயின்று, பின் எட்டுப் பேர் வகுப்புக்கும் பன்னிரண்டு பொறுப்புக்கும் அவர்கள் நேரே அனுப்பப்படுகின்றனர். பயிற்சித் தவணைகளுள் ஒன்றேனும் குறைந்த மாணவர் பள்ளியில் அமைய வேண்டும். மேற்பார்வையிடச் செல்லும் விரிவுரையாளர் செம்பனைக் காட்டு வழியே அரைமணி நேரம் கூடுதலாகக் காரோட்ட நேரிடும். அங்குள்ள மூத்த ஆசிரியரிடம் அரைநாள் அமர்ந்து அவர் செய்வதைக் குறித்துக்கொள்ள ஒரு நோட்டுப் புத்தகத்தையும் அவர் உடன் எடுத்துச் செல்லலாம்.